ஜாதகத்துக்குப் பதிலாக ஒரு பகல்

சம்பந்தி,

குக்கரில் வேர்க்கடலை வெந்துகொண்டிருக்கிறது. கார்த்திகை பிறந்தால் எங்கள் மல்லேஸ்வரத் தெருவுக்குப் பச்சைக் கடலை வண்டி வந்துவிடும், உங்களுக்குத் தெரியாததா. தோலோடு உப்புப் போட்டு வேகவைக்கும்போது எழும் அந்த ஈரமண் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் அழுகையும் வந்தது. நீங்கள் போன பிறகு வரும் முதல் கடலைப் பருவம் இது.

இந்த வாசனை கிளறிவிட்ட அந்தப் பழைய நாளில் நீங்கள் எனக்கு இன்னும் சம்பந்தி ஆகவில்லை. என் மகன், கூட வேலை பார்த்த உங்கள் மகளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். அல்சூரில் பல தலைமுறையாக இருக்கும் பௌத்தக் குடும்பம் என்றதும் என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது. வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லவும் வாய் வரவில்லை. "பொண்ணு ஜாதகத்தைக் கொடுங்க, பார்க்கலாம்" என்றார். உங்கள் வீட்டில் அது கிடையாது என்று தெரிந்தேதான் கேட்டார்.

நீங்கள் அசரவில்லை. "அது எழுதற வழக்கம் எங்க வீட்ல இல்லீங்க சார். அதுக்குப் பதிலா ஒரு நாள் எங்களோட வேன்ல வாங்க. வீட்ல உக்காந்து பஜ்ஜி சாப்ட்டா எல்லாரும் நல்லவங்கதான். ஒரு பகல் பூரா ஒரே வண்டியில போனா பொருத்தம் தானா தெரிஞ்சிடும்."

இவர் ஒப்புக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, ஒரு பகலில் ஒரு குறையாவது அகப்படாதா என்ற நம்பிக்கையில் மனிதர் கிளம்பியிருக்கிறார்.

விடியும் முன்பே இரண்டு வீட்டாரும் புறப்பட்டு முதலில் பைலகுப்பெ போனோம். திபெத்தியர் கோயில் அப்போதுதான் புதிதாகக் கட்டித் திறந்திருந்தது. கூரையைத் தொடும் மூன்று பொன்னிறச் சிலைகளின் கீழே நின்று இவர் கேட்டார்: "நடுவுல புத்தர், சரி. பக்கத்துல ரெண்டு பேர் யாரு?" நீங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தெரியாதுங்க சார். எங்க கோயில் சின்னது, ஓடு போட்டது. இது அவங்க முறை, எனக்கே புதுசு" என்றீர்கள். அப்புறம் அங்கே நின்ற பிக்குவிடம் கன்னடத்தில் விசாரித்துக்கொண்டு வந்து எங்களுக்கும் சொன்னீர்கள். "அவங்க சாமி யாருன்னு அவருக்கே தெரியலை" என்று இவர் என் காதைக் கடித்தார். எனக்கோ அந்த இடத்திலேயே உங்களைப் பிடித்துவிட்டது. தெரியாது என்று ஆண்பிள்ளை ஒருவர் கூச்சமில்லாமல் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்தச் சொல் வாயில் வந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவரோடு அல்லவா குடும்பம் நடத்துகிறேன்.

மடிகேரி தாண்டிச் சம்பாஜே மலைப்பாதையில் இறங்கும்போது காடு இருபுறமும் நெருங்கி வந்து வெயிலை மறைத்தது. மரத்தின் மேல் கொடி, கொடியின் மேல் பாசி, எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்திய இடத்தில் இவர் மரத்துக்கு மரம் ஒரு பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். பாதிக்கு மேல் சொந்தச் சரக்கு. அதற்குள் காலில் அட்டை ஏறிவிட்டது. மரங்களின் பெயர் போன இடம் தெரியவில்லை, போட்டாரே ஒரு கூச்சல்! முட்டைக்கு வைத்திருந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து வைத்து அட்டையை விழவைத்தீர்கள். சிரிக்காமல் செய்தீர்கள், அதுதான் பெரிய காரியம்.

முட்டைக் கதைக்கு வருகிறேன். அன்றைய சாப்பாடு பெண் வீட்டார் பொறுப்பு. புத்தூர்ப் பக்கத்து வெந்நீர் ஊற்றில் எல்லாமே வெந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, துணியில் முடிந்த அரிசி, உங்களுக்குக் கூடை நிறைய முட்டை, சைவக்காரர்களான எங்களுக்கு ஒரு மூட்டை வேர்க்கடலை என்று பச்சையாகவே கொண்டு வந்திருந்தீர்கள். போய்க் காலை வைத்தால், குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில் இருந்தது தண்ணீர்! வெகுநேரம் ஊறவைத்த முட்டையைக் கல்லில் தட்டினீர்கள். வழவழவென்று வழிந்தது.

உங்கள் மகளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டாரைப் பட்டினி போட்டவர்கள்! இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்? இவருக்கு ஊரிலும் உறவிலும் சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது.

நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். பிறகு கையைக் கூப்பினீர்கள். "தப்பு என்னுதுதான் சார். விசாரிக்காம கூட்டினு வந்துட்டேன். ஸ்வல்ப பசி பொறுங்க, சோறு ஆயிடும்." ஊற்றைக் குறை சொல்லவில்லை, சொன்னவனைத் திட்டவில்லை. பாக்குத் தோப்புக்குள் தெரிந்த வீட்டுக்கு நேரே போய், நடந்ததை அப்படியே சொல்லி, பாத்திரமும் ஊறுகாயும் வாங்கி வந்து மூன்று கல்லைக் கூட்டிவிட்டீர்கள்.

விறகெல்லாம் ஈரம். நீங்கள் ஊதி ஊதி இருமினீர்கள். எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்த இவருக்குப் பொறுக்கவில்லை. "இப்படி ஊதினா எரியுமா? நகருங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக் குந்திவிட்டார். வீட்டில் கேஸ் அடுப்பைக் கூடப் பற்றவைத்ததில்லை சம்பந்தி, சத்தியமாக! புகையில் கண்ணும் மூக்கும் ஒழுக, கடைசியில் தீ பிடித்துக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினார்.

"சம்பந்தி, இன்னும் ரெண்டு சுள்ளி கொடுங்க."

சொன்னது அவருக்கே தெரிந்ததோ இல்லையோ. என் மகன் சட்டென்று என் பக்கம் திரும்பினான். உங்கள் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் மட்டும் தினமும் கேட்கிற சொல்லைக் கேட்டவர் போல இரண்டு சுள்ளியை எடுத்துக் கொடுத்தீர்கள். அன்று புகை மணத்த சோற்றைத் தின்றுவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் காலைத் தொங்கவிட்டபடி எல்லோரும் கடலை உரித்தோம். ஜாதகப் பேச்சு அதன்பின் எழவே இல்லை.

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம் நம் பேத்தி இவரிடம் கேட்டாள், "அந்தத் தாத்தா இப்போ எங்க இருக்காரு?" சொர்க்கம், நட்சத்திரம் என்று ஏதோ அளக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "தெரியலைடா கண்ணு. தாத்தாவுக்குத் தெரியலை" என்று சொல்லி, அவளைக் கட்டிக்கொண்டு குலுங்கி அழுதார். இத்தனை வருடக் குடும்பத்தில் அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை. அன்று கோயிலில் நீங்கள் சொன்ன 'தெரியாது'தான் எனக்கு உங்களைப் பிடிக்கவைத்தது என்று நீங்கள் இருக்கும்போதே உங்களிடம் சொல்ல வாய்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குக்கர் அடங்கிவிட்டது. கூடத்திலிருந்து, "வெந்துச்சா?" என்று குரல் கொடுக்கிறார்.

"தெரியலை. வாங்க, ரெண்டு பேரும் திறந்து பார்ப்போம்" என்கிறேன்.