பாப்பா கல்யாணத்துக்கு எந்த நிறம்

வீட்டுக்காரம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? போன்ல சொன்னா பாதியிலேயே அழ ஆரம்பிச்சுடுவே, அதான் எழுதுறேன். முழுசாப் படி.

பாப்பா கல்யாணப் புடவைக்கும் மேடைத் துணிக்கும் நீ அனுப்பின போட்டோ எல்லாம் வந்துச்சு. பதில் சொல்லலைன்னு முகத்தைத் தூக்கி வச்சிருப்பே. சம்பந்தியம்மா பச்சைதான்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க. பாப்பாவோ, "கார் பெயிண்டர் மக நான், அப்பா சொல்ற நிறம்தான்"னு அடம் பிடிக்கிறா. நடுவுல மாட்டிக்கிட்டு நீ முழிக்கிறே. தெரியுது.

இங்க பட்டறையில பெயிண்ட் கரைக்கிற தின்னர் கொஞ்சம் கண்ணுல தெறிச்சுடுச்சு. பயப்படாதே, உடனே கழுவிட்டாங்க, மருந்து போடுறேன். நிறம் கலக்குற வேலைக்கு வேற ஆளைப் போட்டு, மேஸ்திரி என்னைக் கார் கழுவ விட்டிருக்கார். ஓய்வு மாதிரிதான். கையெழுத்து கோணலா இருந்தா சிரிக்காதே.

பாப்பாகிட்ட மூச்சு விடாதே. அப்பாவே நிறம் சொல்லுவாருன்னு சொல்லி வை. ஆனா போட்டோ வேண்டாம், துணித் துண்டுகளையே அனுப்பு. தொட்டுப் பார்க்கணும் போல இருக்கு.

தபால் கொண்டுபோற ஆள் கிளம்பிட்டார். ஒவ்வொரு துண்டு மேலயும் அது என்ன நிறம்னு கொட்டை எழுத்துல எழுதிடு. மறந்துடாதே.

பாப்பாவோட அப்பா