பெட்டிக்குள் இருக்கும் விடை

செவ்வாய், வடமுனை நிலையம். பதிவாளர்: பூரணி. பணியாளர்: ஒருவர்.

நாள் 212, 18:00
வெப்பம் −71. பனித்துளை 40 மீட்டர். ஒன்பதாம் அத்தியாயத்தைத் தென்முகாமுக்கு அனுப்பினேன். அங்கே பதினொரு பேர். பொழுது போகட்டுமென்று புதிர்த் தொடர்கதை எழுதுகிறேன்; துப்புகளை வைத்து அவர்கள் விடையைக் கண்டுபிடிக்க வேண்டும். தனி நிலையத்தில் காற்று தீர்ந்துகொண்டிருக்கும் மரகதம் என்பவளின் கதை. இறந்த தங்கையின் கோப்பையை அவள் கழுவுகிறாள். அது என் தங்கையின் கோப்பை. ஓட்டுநர் சேந்தன் பதில்: "அக்கா, தண்ணிக் கணக்கு இடிக்குதே!"

நாள் 213, 05:50
காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரம் எரிந்துவிட்டது. மாற்று இயந்திரமும் ஓடவில்லை. அணைக்கப் போய் இடது கை வெந்தது. காற்று 19:50 வரை. தென்முகாம் வண்டி வர எட்டு மணி நேரம். அபாயக் குறியீடு அனுப்பினேன்.

06:25
தென்முகாம் பதில்: "பத்தாம் அத்தியாயம் பிரமாதம்!"
ஐந்தாம் அத்தியாயத்தில் உண்மையான குறியீட்டையே எழுதியிருந்தேன். கதைக்கு உயிர் வரட்டும் என்று.

08:10
இது கதையில்லை என்று மூன்று முறை அனுப்பினேன். கையைப் படமெடுத்தும் அனுப்பினேன்.
சேந்தன்: "மரகதத்துக்கு வெந்தது வலது கை. இப்ப இடது. எங்க கண்ணுலயே மண்ணத் தூவுறீங்களா?"
மருத்துவர் ரெஜினா: "படத்துல நிழல் தப்பான பக்கம் விழுது. க்ளூ நம்பர் பதினாலு."
அவர் மருத்துவர். புண்ணைப் பார்க்கவில்லை.

10:15
கெஞ்சுவதை நிறுத்தினேன். அவர்கள் மொழியில் எழுதினேன்: "விடை என் கட்டிலுக்கடியில், பெட்டியில். முதலில் வந்து திறப்பவர் வென்றார்."

10:30
சேந்தன்: "கெளம்பியாச்சு! ரெஜினாவும் நானும். யாருக்கும் சொல்லிடாதீங்க அக்கா!"
18:30க்கு வந்துவிடுவார்கள். அழுதேன். அழுதால் காற்று வீணாகும் என்று நிறுத்தினேன்.

13:00
தலைவலி. பெட்டியில் ஒன்றுமில்லை. வெறும் பெட்டியைக் காட்டினால் கோபிப்பார்கள். தங்கையின் கோப்பையை அதில் வைத்தேன்.

15:20
"அக்கா, வழியிலயே கண்டுபிடிச்சுட்டோம்! மரகதம் ஆறாம் அத்தியாயத்துலயே செத்துட்டா. குறிப்பு எழுதுறது நிலையத்து மெஷின். சாகப்போறவ இவ்வளவு சுத்தமா வாக்கியம் எழுதுவாளா? ரெஜினாதான் புடிச்சா. இனி பெட்டியத் தொறந்து என்ன ஆகப்போவுது? திரும்பிட்டோம், நாளைக்கு ஷிஃப்ட் இருக்கு. நீங்க இல்லைன்னுதான் சொல்வீங்க, எழுதுறவங்க எல்லாரும் அப்படித்தான். அதான் ரேடியோவ அணைக்கிறோம்."

15:21
திரும்புங்கள்.

15:40
திரும்புங்கள். சேந்தன், நான் பூரணி. மரகதம் இல்லை. மரகதம் என்று யாரும்

17:30
நான் அனுப்பியதற்கு முகாமில் மீதி ஒன்பது பேரிடமிருந்து ஒரே பதில். கைதட்டல் சத்தம்.

19:10
வாக்கியம் சரியாக வர இப்போதுதான் இல்லை ரெஜினா பார் எழுத்து
கோப்பை கழுவி
செத்துவிட்டாள் என்ற விடை சரி
நாற்பது நிமிடம் முந்தி