இதற்குப் பின் கேட்டதை ஏற்க வேண்டாம்

ஜனவரி 9, திங்கள்

என் நூலின் நான்காம் பாகத்தின் மெய்ப்பு அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. நபிமொழியான ஹதீஸை வழிவழியாகச் சொல்லி வந்த அறிவிப்பாளர்களில் யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்று ஆள் ஆளாக எடைபோட்டே என் காலம் போயிற்று.

பக்கம் 212. ஒரு தோல் வியாபாரி, ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்தியவர். நான் எழுதியிருப்பது: “நேர்மையாளர். முதுமையில் நினைவு குழம்பியது. குழம்பும் முன் அவரிடம் கேட்டது ஏற்கப்படும். பின் கேட்டது தள்ளப்படும்.” ஹதீஸ் கேட்க வந்தவர்களை அவர் பிள்ளைகளே கதவைச் சாத்தித் திருப்பி அனுப்பினார்களாம். ‘நல்ல பிள்ளைகள்’ என்று அடிக்குறிப்பில் பாராட்டு வேறு! ஒரு மனுஷனை நாலு வரியில் முடித்துவிட்டேனே என்று இன்றுதான் உறுத்தியது.

“டீ ஆறிப்போச்சு. இன்னொரு தடவ சுட வைக்க மாட்டேன்” என்றாள் மனைவி. ஏற்கெனவே எப்போது சுட வைத்தாள்?

ஜனவரி 12

பக்கம் 340. ஓர் ஆசிரியர் இறந்து முப்பத்தொரு வருடம் கழித்துப் பிறந்த அறிவிப்பாளர், அவரிடமே நேரில் கேட்டாராம். யார் யாரிடம் கேட்டார் என்ற வரிசைக்கு ‘தொடர் அறுபடாதது’ என்று முத்திரையும் குத்தியிருக்கிறது. முதல் வருட மாணவன்கூட இப்படி எழுத மாட்டான். அச்சகத்தில் பக்கம் கோர்ப்பவருக்கு ஃபோன் போட்டுக் காய்ச்சி எடுத்தேன். கைப்பிரதியைப் படமெடுத்து அனுப்பினார்.

என் கையெழுத்து.

ஜனவரி 13

அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

ஜனவரி 17

இன்னும் பதினைந்து பிழைகள். எல்லாமே கடைசி நூறு பக்கங்களில் — மகளுக்கு வேலை அதிகம் என்று நானே நேராக அச்சகத்துக்கு அனுப்பியவை. அவள் டைப் அடித்த பக்கங்களில் ஒன்றுகூட இல்லை. களைப்பு. வேறென்ன? தோல் வியாபாரியும் முதலில் களைப்பு என்றுதான் சொல்லியிருப்பாரோ?

அஸ்ர் தொழுகையில் பக்கத்தில் அவர் நிற்கிற மாதிரி இருந்தது. பதனிட்ட தோலின் வாடை. நாலு ரக்அத்தில் எத்தனை தொழுதேன் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

ஜனவரி 24

டாக்டர் ஐந்து சொற்கள் சொன்னார். பத்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஆறாயிரம் ஹதீஸ்களைத் தொடரோடு மனப்பாடமாக வைத்திருப்பவனிடம்!

இரண்டு சொன்னேன்.

பிப்ரவரி 2

நீ டைப் அடித்த பக்கங்களில் மட்டும் ஏன் பிழையே இல்லை என்று மகளிடம் நேராகவே கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தாள். என் பிழை ஒவ்வொன்றும், அவள் செய்த திருத்தமும், தேதியோடு. என்னிடம் படித்தவள், வேறெப்படி எழுதுவாள்?

“மூல நூலைப் பாத்துத்தான் திருத்தினேன் அத்தா. என் இஷ்டத்துக்கு ஒண்ணும் எழுதல.”

கத்தினேன். தொடரில் நடுவில் ஒரு ஆள் இருப்பதை மறைக்கிறது எவ்வளவு பெரிய குத்தம்னு தெரியாதா உனக்கு? என் பேரைப் போட்டு யார் பேச்சு போய்க்கிட்டிருக்கு?

அவளும் கத்தினாள். “சொல்லியிருந்தா பேனாவக் கீழ வச்சிருப்பீங்க. அப்புறம் எத வச்சு நாளை ஓட்டுவீங்க?”

“ரெண்டும் ஒரே அச்சு” என்று சொல்லிக்கொண்டே மனைவி ஜன்னலைச் சாத்தினாள். அவளுக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும்தான் தெரியாது.

நோட்டின் முதல் தேதி ஆறு வருடத்துக்கு முன்னால், மூன்றாம் பாகத்தின் பாதியில். ஆறு வருஷமா? யா அல்லாஹ்.

பிப்ரவரி 3

மகளை எடைபோட்டுப் பார்த்தேன். நேர்மை: உண்டு. நினைவாற்றல்: என்னைவிட மேல். குறை: தகப்பன் மேல் இரக்கம். இந்தக் குறைக்கு என் நாலு பாகத்திலும் பெயர் இல்லை.

பிப்ரவரி 10

எல்லாவற்றையும் முன்னுரையில் எழுதிவிடட்டுமா என்று பதிப்பாளரிடம் கேட்டேன். பதறிவிட்டார். “எதுக்கு ஹஜ்ரத்? பதினாறு தப்ப திருத்திட்டு அச்சடிச்சா யாருக்குத் தெரியப்போகுது? இத எழுதினா மொத மூணு பாகத்தையும் சந்தேகப்படுவாங்க.”

எனக்கும் அதுதான் ஆசை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் ஆசைதான். ஐம்பது வருடப் பெயர். 212-ஐத் திறந்தால் தோல் வியாபாரி உட்கார்ந்திருக்கிறார். உனக்கு மட்டும் தனிச் சட்டமா என்று கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் தேவலை.

பிப்ரவரி 12

எழுதிக் கொடுத்துவிட்டேன். முன்னுரையில் இல்லை. புத்தகத்தின் கடைசிப் பதிவே நான்தான்:

“இந்நூலாசிரியர். முதுமையில் நினைவு குழம்பியது. மூன்றாம் பாகத்தின் பாதி வரை அவர் எழுதியது ஏற்கப்படும். அதற்குப் பின், அவர் மகள் சரிபார்த்தது மட்டும் ஏற்கப்படும். அப்போதிலிருந்து அவரிடம் நேரில் கேட்டது தள்ளப்படும்.”

212-இன் அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: “அவர் அழுதாரா என்று யாரும் பதிந்து வைக்கவில்லை.”

பக்கம் கோர்ப்பவரிடம் மன்னிப்புக் கேட்டேன். போன வாரமே நான் கேட்டுவிட்டதாகச் சொல்கிறார்.

மார்ச் 20 (தேதி மகள் சொன்னது)

வெளியூரிலிருந்து இரண்டு பேர் ஹதீஸ் கேட்க வந்தார்கள். எழுந்து போகப் பார்த்தேன். மனைவி என் அறைக் கதவை மெல்லச் சாத்தினாள். கூடத்தில் அவள் குரல்: “அவங்க இப்ப சொல்றதில்ல. மக இருக்கா, அவகிட்ட கேளுங்க.”

அழுதேன். அதைப் பதிந்து வைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் மகள் தொடரை ஆரம்பித்தாள். கதவில் காதை வைத்துக் கேட்டேன். “என் தகப்பனார் எனக்கு அறிவித்தார் — அவர் நினைவு குழம்பும் முன்பு.”

சரியாகச் சொன்னாள் என்றேன், தோல் வியாபாரியிடம்.