ராடார் திறப்பு

வெள்ளிக்கிழமை இரவு

நித்திரை வரவில்லை. இந்தியாவிலிருந்து வந்து எங்கள் துறைமுகத்தில் நிற்கும் போர்க்கப்பலின் உச்சிக் கோபுரத்துக்கு இன்று பெயின்ற் அடித்தேன். அங்கேதான் அந்தப் பெரிய ராடார் இருக்கிறது. கட்டில் அளவு இரும்புச் சட்டம். கண்ணுக்கு எட்டாத விமானத்தையும் கண்டுபிடிக்குமாம். என்ன அறிவு! ஆனால் பக்கத்தில் நிற்கும் ஆளை அதற்குத் தெரியாது. சுற்றினால் அடித்துத் தள்ளிவிடும். அதனால் மேலே ஏறுகிறவன் அதைச் சுற்றாமல் பூட்டி, அந்தத் திறப்பைத் தன் பையில் வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

வேலை முடிந்து உப்புவெளியில் வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றும்போது, பையிலிருந்து திறப்பு நிலத்தில் விழுந்தது. விழுந்தடித்துக்கொண்டு சைக்கிளில் திரும்பினேன்.

ராடார் அதிகாரி, என் மகள் வயதுப் பெண், கப்பல் படியடியில் நின்றார். பின்னேரம் சோதிக்க இருந்த ராடார் அசையாமல் நின்றது.

"வேற திறப்பு இல்லையோ மேடம்?"

"இருக்குண்ணே. மேல ஆள் இருக்காங்களான்னு ஏறித் தேடியும் பாத்துட்டோம். இருந்தாலும் ஏறினவர் கையால சாவி வராம நாங்க ராடாரப் போட மாட்டோம்."

அவ்வளவு பெரிய கப்பல், ஒரு பெயின்ற்காரனுக்காகக் காத்திருந்திருக்கிறது. ஏச்சு வாங்கத்தான் போனேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். திறப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

துறைமுக வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். மேலே சட்டம் மெல்லச் சுற்றத் தொடங்கியிருந்தது.