ஹாட் பீன் டீச்சிங்

10.02.2025, திங்கள்
பதினோராம் வகுப்புக்கு இன்று இங்கிலிசு இலக்கணத்தில் ஹாட் பீன் (had been). முதலில் ஹாட், பிறகு பீன், பிறகு வினையோடு இங். முன்பொரு காலத்தில் கனநேரம் நடந்துகொண்டிருந்த வேலை. இன்னொன்று வந்து குறுக்கிடும். வருடாவருடம் இதையே பலகையில் எழுதுகிறேன். உதாரணம் கேட்டேன். ஓலைத்தொடுவாயில் இருந்து வரும் அபிசா எழும்பி, தகப்பன் விடிய முதல் இருந்து வலை போட்டுக்கொண்டிருந்ததாகவும் இழுவைப்படகு வந்து வலையை அறுத்ததாகவும் பிழையில்லாத இங்கிலிசில் சொன்னாள். பிறகு ஒரு கேள்வி.
“மீன் ஒண்டும் படேல்லை மிஸ். அப்பயும் ஹாட் பீன் தானோ?”
“ஓம். செய்த வேலை செய்ததுதான்.”
பெரிய ஆள் மாதிரிச் சொல்லிவிட்டேன்.

14.02, வெள்ளி
பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டார். தொண்டர் ஆசிரியர்களுக்கு நிரந்தர நியமனமாம், அடுத்த மாதம் நேர்முகமாம். “உங்களுக்குக் கிடைக்காமல் வேற ஆருக்கு, பெற்றிசியா?” பதினைந்து வருடம் சம்பளமில்லாமல் படிப்பித்தவள் நான். கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினேன்.

05.03, விபூதிப் புதன்
நெற்றியில் சாம்பலோடு நேர்முகம். கேட்டதற்கெல்லாம் இங்கிலிசில் டக்கென்று பதில் சொன்னேன். தலையாட்டினார்கள். கடைசியில் ஒருவர் என் பிறந்த திகதியைப் பார்த்தார்.
“வயதெல்லை தாண்டீட்டுது மிஸ். இவ்வளவு நாளும் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?”
என்ன செய்துகொண்டிருந்தனானோ? ஊர்ப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சுக்கொண்டிருந்தனான்! நீங்கள் கூப்பிடுவியள் கூப்பிடுவியள் எண்டு காத்துக்கொண்டிருந்தனான்! கோதாரியில போவார். எல்லாம் மனதுக்குள்தான். “தாங்க் யூ சேர்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

06.03
பள்ளிக்கூடம் போகவில்லை.

28.04, திங்கள்
என் வகுப்புகளுக்குப் புது ஆசிரியை வந்துவிட்டா. சுவேதினி. அவளுக்கு ஏபிசிடி எழுதப் பழக்கியதே நான்தான். பின்னேரம் வீட்டுக்கு வந்து அழுதாள். “உங்கட இடம் எண்டு சத்தியமாத் தெரியாது மிஸ்.” அவளில் என்ன பிழை? தேத்தண்ணி கொடுத்தேன். சீனி போட மறந்துவிட்டேன். மறக்கவில்லை, போடவில்லை. அவளும் முகம் சுளிக்காமல் குடித்தாள்.

14.05, புதன்
நண்டு பதனிடும் கம்பனியில் முதல் நாள். தலைக்குத் தொப்பி, காலுக்கு ரப்பர் சப்பாத்து. பெயர் பதிந்த பெண் நல்ல மாதிரி.
“முந்தி எங்கயும் வேலை செய்தனீங்களோ, அன்ரி?”
மீன் ஒன்றும் படாவிட்டாலும் ஹாட் பீன் தானோ என்று கேட்ட அபிசாவின் முகம் வந்து நின்றது.
“இல்லை பிள்ளை,” என்றேன்.