புகை வராத மசகு

மார்ச் 3

மாசு வாரியத்தின் கடிதம் வந்துவிட்டது. இந்த மாதத்துக்குள் பட்டறைப் புகையை நிறுத்தாவிட்டால் பூட்டு. மேலாளர் என் சோதனை அறைக்கே இறங்கி வந்தான். மேலாளர் என்றால் வேறு யார், என் மனைவியின் தம்பிதான். "அத்தான், அந்த வெள்ளைச் சரக்கோட ஃபார்முலா இன்னும் வச்சிருக்கீங்களா?"

பதினொரு வருடம் கழித்துக் கேட்கிறான்!

இருக்கிறது. மாக்கல் தூள், களிமண், தண்ணீர். பழுக்கக் காய்ந்த இரும்பைச் சம்மட்டி இயந்திரம் அடிக்கும்போது, அது டை என்கிற அச்சில் ஒட்டாமல் காக்கும் மசகு. இப்போதிருக்கும் கறுப்பு எண்ணெய் மசகு போலப் புகையாது. அன்றைய சோதனையில் இரும்பு ஒட்டிக்கொண்டு டை விரிசல் விட்டது. சம்மட்டி ஓட்டுபவன், பட்டறையே 'இடி' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் ஆள், கெடுத்தான் என்று அறிக்கை எழுதினேன். அவனுக்கு வரவேண்டிய பதவி உயர்வு நின்றுபோனது. எனக்கு இந்தச் சன்னலில்லாத அறை வாய்த்தது.

மார்ச் 5

பேரம்: இந்த முறை சரிவந்தால், இந்த மசகுக்கென்று தொடங்கும் புதுப் பிரிவுக்கு நான் தலைவன், மாடியில் அறை. மனைவியிடம் சொன்னேன். "அவன் பேச்சையா நம்புறீங்க?" தம்பியைப் பற்றி அக்காவே!

மார்ச் 10

மறுபடியும் ஒட்டிக்கொண்டது. அதே இடி, அதே கல்லு முகம். "வேணும்னே பண்றியா?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

"அன்னைக்கே சொன்னேன் சார். நீங்க காதுல வாங்கல."

என்ன சொன்னான்? எப்போது? பொய்.

மார்ச் 11

பொய்தானா?

பழைய நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்தேதான்: 'இடி புகையைப் பற்றி ஏதோ உளறினான். புகை வராததுதான் இதன் பெருமை என்று சொல்லி அனுப்பினேன்.'

மார்ச் 12

இடியிடமே போய்க் கேட்டேன்.

"கறுப்பு அடிச்சா புகை எழும்பும் சார். அது எழும்புற வேகத்துலதான் டை சூடாயிடுச்சான்னு தெரியும். இதுல புகையே இல்ல. நான் எதைப் பாக்குறது?"

அவ்வளவுதான். டை சூடேறும் முன்பே தெளித்திருக்கிறார், ஈரம் காயாமல் ஒட்டியிருக்கிறது. தெளித்தது காய்ந்து வெளுக்கும்வரை அடிக்காதீர்கள் என்றேன். இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்குப் பதினொரு வருடம்... ச்சே.

மார்ச் 17

நானூறு உருப்படி. ஒன்றுகூட ஒட்டவில்லை. புகையும் இல்லை. "சுண்ணாம்பு அடிச்ச சுவராட்டம் வெளுக்குது சார்!" இடி சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 19

அறிக்கையில் பழைய தோல்விக்கும் காரணம் காட்ட வேண்டும். மைத்துனன் அவசரப்படுகிறான். "ஆபரேட்டர் தப்புன்னு ஃபைல்லயே இருக்கே, அதையே போடுங்க. மாத்தி எழுதினா, தப்பு பண்ணவரையே எப்படி அத்தான் தலைவராக்குறது?"

மாடி அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு சன்னல்.

மார்ச் 20

எழுதிக் கொடுத்துவிட்டேன். தவறு என்னுடையது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 7

புதுப் பிரிவுக்கு வெளியிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்துவிட்டார்கள். என்னைவிடப் பத்து வயது சின்னவன். வயிறு எரிகிறது, மறைப்பானேன்?

மதியம் இடி வந்தார், பதவி உயர்வு உத்தரவோடு. காட்டிவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி எல்லாம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இங்க சன்னலே கிடையாதா சார்?"

"இல்லை."

"பதினோரு வருஷமாவா?"

"ம்."

போகும்போது எல்லோரையும் போலக் கதவைச் சாத்தப் போனார். புகைக்குப் பயந்து எப்போதும் சாத்தியே கிடக்கிற கதவு.

"திறந்தே இருக்கட்டும்," என்றேன்.