ஆடியில் நடந்த பதினாறு கல்யாணம்

நலம் ஓங்குக; நாடு செழிக்க. ஒரு மனிதனின் வலக்கைக்கு நூற்றிருபது பொன் என்று விலை பேசப்பட்ட ஆண்டின் ஐப்பசித் திங்களில், செம்புமலை நாடுடைய பெருந்தேவி நாகமுத்தரசியாரின் திருவாணைப்படி, அவர்தம் ஓலை நாயகமாகிய சாத்தன் வளவன், ஏழு ஏரியும் நிறைந்து வழியும் நெடுவயல் நாட்டு மன்னர் அறவாழிக் கோமானின் அவைக்கு வணங்கி விடுக்கும் ஓலை. தேவரீரின் வயல்களில் கதிர் உதிராதிருக்க; தேவரீரின் குதிரைகள் நொண்டாதிருக்க; இரு நாட்டு எல்லைச் சந்தையிலும் தராசுகள் நேரே நிற்க.

சென்ற திங்கள் தேவரீரின் திருமுகம் வந்து சேர்ந்தது. எங்கள் செம்புச் சுரங்கத்தில் முந்நூறு நாளாக ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை என்று கேள்வியுற்றதாகவும், அதை நடத்தும் எண்ணூற்றுவர் வணிகக் கணமே தேவரீரின் மலையிலும் சுரங்கம் நடத்துவதால் தை முதல் அங்கும் வெண்பட்டுக் கொடி ஏற்றத் திருவுளம் கொண்டதாகவும், முறையை எழுதி அனுப்பினால் ஆயிரம் பொன் தருவதாகவும் அதில் கண்டிருந்தது. கணத்தார் கொடி ஏறுமுன்பே பறையடித்துவிட்டார்கள். பொன் தேவரீரின் கருவூலத்திலேயே இருக்கட்டும். கொடியின் கதையை வளவன் இலவசமாகவே சொல்வான். அந்தக் கொடி யோசனையை அரசியாரின் காதில் போட்டவனே அவன்தான்.

வளவன் உப்பு வணிகர் தெருவில் வளர்ந்தவன். பேரம் பேசாமல் தாய்ப்பாலும் குடித்திருக்க மாட்டான் என்று அவையில் அவனைக் கேலி செய்வதுண்டு. பரிசு வைத்தால் எதுவும் நடக்கும் என்பது அவன் துணிபு. ஆகவே நூறு நாள் எவருக்கும் காயமின்றிக் கழிந்தால் சுரங்க வாயிலில் வெண்கொடி, தலைக்கு ஒரு மூட்டை நெல் என்று ஏற்பாடு செய்வித்தான். முதல் நூறும் கழிந்தது, இரண்டாம் நூறும் கழிந்தது. வளவன் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான்.

ஆவணி முதல் நாள், மூன்றாம் கொடியேற்றத்துக்கு அரசியாரின் முத்திரை மோதிரத்தோடு மலைக்குப் போனவன், விருந்துக்கு நேரம் இருந்தமையால் ஆள்வரவு ஏட்டைப் புரட்டினான். ஏடு கண்டால் புரட்டாதிருக்க அவனுக்கு ஆகாது. அங்கே ஒரு விந்தை: ஆடித் திங்களில் மட்டும் பதினாறு பேர் கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போயிருந்தார்கள். ஆடியில் கல்யாணம்! கணத்தின் சுரங்க அதிகாரி குடிதாங்கியை அழைத்து, இம்மலைக்கு மட்டும் பஞ்சாங்கம் வேறோ என்று வினவினான். மலையூர் வழக்கம் அப்படித்தான் என்று விடை பகர்ந்த குடிதாங்கி, பலாச்சுளைப் பாயசம் ஆறிவிடுமே என்றும் கவலை தெரிவித்தான்.

பாயசத்தைக் கப்பி முந்திக்கொண்டது. குழிக்குள்ளிருந்து ஆளையும் தாதுக் கூடையையும் வடம் கட்டி ஏற்றும் கப்பிகளைச் சுற்றுவோர் முப்பது பெண்கள். அவர்களுக்கு முதல்வி வேம்பி என்பவள். கடைசி ஆளையும் பத்திரமாக மேலே ஏற்றிய பின், அவள் கைப்பிடியில் முளை அடித்து இறுக்கிவிட்டு அதன் முன்னே உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கொடியேற்ற முரசு பாதி அடியில் நின்றது.

அவள் கேட்டது ஒன்றே. ஆடி இருபத்தொன்பதாம் நாள், கொடிக்கு இன்னும் இரண்டே நாள் இருக்கையில், தேய்ந்த வடம் நழுவி, குழியிலிருந்து ஏறி வந்த அவள் தம்பி ஆதனின் வலக்கை மூன்றாம் கப்பியில் சிக்கி மணிக்கட்டோடு போயிற்று. நெல் போய்விடுமே என்று உடன் உழைப்போரே அவனைத் தாதுக் கூடையில் கிடத்தி, இலையால் மூடி, மலையின் பின்வழியே ஊருக்கு இறக்கிவிட்டார்கள். ஆதன் கல்யாணத்துக்குப் போனான் என்று ஏட்டில் ஏறியது. அந்த வரியை அடித்துவிட்டு நடந்ததை எழுத வேண்டும் என்பதே அவள் வழக்கு.

குடிதாங்கி அறுபது பொன் என்று தொடங்கினான். வளவனும், சொல்ல வெட்கம், பிறவிப் பழக்கத்தால் தொண்ணூறு, நூறு, நூற்றிருபது என்று கணத்தின் சார்பில் ஏற்றிக்கொண்டே போனான். அதற்கு அவள் சொன்னதை மெருகிட்டால் கெட்டுவிடும், அவள் வாய்ச்சொல்லாகவே வரைகிறோம்: "கைய விக்க வரலைங்க சாமி. தம்பி கல்யாணத்துக்குப் போனான்னு எழுதியிருக்கீங்களே, பொண்ணு யாருன்னு சொல்லுங்க. அக்காக்காரி நான் சீர்த்தட்டு எடுக்க வேணாமா?"

கூட்டம் சிரித்தது. ஆதனை இலையால் மூடியவர்களில் ஒருவனான தாது வெட்டும் மாடலன் எழுந்து, "நானும் சித்திரையில கல்யாணத்துக்குப் போனவன்தான்" என்று வேட்டியை விலக்கி வளைந்த முழங்காலைக் காட்டினான். "எனக்கு ரெண்டு கல்யாணம்டா, மாப்ள" என்றான் இன்னொருவன், விலா எலும்பைத் தடவியபடி. பொழுது சாய்வதற்குள் நாற்பத்தொரு கல்யாணம் வெளிவந்தது. அவற்றில் பதினேழு அதே கப்பியில், அதே வடத்தில் நடந்தவை. முதல் காயம் ஏட்டில் ஏறியிருந்தால் வடம் மாறியிருக்கும். ஆதன் இன்றும் வலக்கையால் சோறு பிசைந்திருப்பான். வளவன் வைத்த பரிசு ஏட்டைத்தான் காத்தது, கையை அன்று.

ஏட்டைத் திருத்தினால் இரு நாட்டிலும் கணத்தின் பெருமை போய்விடும் என்று குடிதாங்கி முறையிட்டான். நெல்லும் போகுமே என்று வளவன் வேம்பியைக் கேட்டான். "போகட்டும் சாமி. அந்தச் சோத்த எந்தக் கையால திங்கிறது?" என்றாள் அவள். உப்புத் தெருவில் பிறந்து ஐம்பது வயதாகியும், வளவன் தோற்ற பேரம் அது ஒன்றே. எழுத்தாணியைத் தானே வாங்கி அந்த வரியைத் திருத்தினான்; கொடியைத் தானே இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு தலைநகர் திரும்பினான். அரசியார் கேட்டுவிட்டு, இதுவரை அவைக்கு நீர் வாங்கித் தந்தவற்றுள் இதுவே நல்ல சரக்கு என்று அருளினார்.

ஆகவே தேவரீர் அறிக. எங்கள் சுரங்க வாயிலில் இன்று கொடி இல்லை. எங்கள் ஏட்டில் நாற்பத்தொரு காயம் இருக்கிறது. அதைத் தலை நிமிர்ந்தே எழுதுகிறோம். கீறலற்ற ஏட்டைக் காட்டி எவரும் எங்களோடு போட்டிக்கு வரலாம். நாங்கள் அவர்களின் ஆடி மாதத்தைப் புரட்டிப் பார்ப்போம்.

எண்ணூற்றுவர் கணத்துக்கு அரசியார் இட்ட ஆணை இது. அவர்களின் கிளை தேவரீரின் மண்ணிலும் இருப்பதால், அங்கும் படிக்கச் செய்தருள வேண்டும். காயத்தை மறைப்பவனுக்கே தண்டம், காயம்பட்டவனுக்கு அன்று. வடம் தேய்ந்தது என்று எவர் சொன்னாலும் கப்பி நிற்க வேண்டும். நிறுத்தியவரின் கூலியில் கை வைக்கலாகாது. காயம் நேருமுன் குறை கண்டு சொன்னவருக்கே இனி அந்த நெல். கூலி கொடுக்கும் நாள்தோறும் ஏட்டை உரக்கப் படிக்க, கணத்தார் பக்கம் நால்வர், உழைப்போர் பக்கம் நால்வர். புது வடத்தில் முதலில் இறங்குபவர் சுரங்க அதிகாரியே. நூற்றிருபது பொன்னையும் கணம் ஆதனுக்குச் செலுத்தியாக வேண்டும். அது அவன் வைத்தியத்துக்கும் வாழ்வுக்கும், கையின் விலை அன்று.

இவ்வாணை மலை உள்ளளவும் நிற்க. அரக்கு முத்திரை இட்டோம். திருத்திய ஏட்டின் படியும் கீழே வரைந்தோம்:

ஆடி இருபத்தொன்பதாம் நாள். குழியில் இறங்கியவர் இருநூற்றுப் பதினால்வர். ஏறியவர் இருநூற்றுப் பதினால்வர். இறங்கிய கை நானூற்று இருபத்தெட்டு. ஏறிய கை நானூற்று இருபத்தேழு. நிலுவை, ஆதனின் வலக்கை ஒன்று.